வெள்ளை அணு 19.4: ஒரு மாத்திரையைப் பத்தி தெரியாம நான் பட்ட பாடு

ஸ்டீராய்ட் மாத்திரை சாப்பிட்டா வெள்ளை அணு ஏறும். இந்த ஒரே ஒரு வரியை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா ஏழாயிரம் மலேசிய வெள்ளி மிச்சம், மூணு ராத்திரி அழுகை மிச்சம். சொல்ல ஆள் இல்ல, நானும் கேக்கல. அதனால நடந்ததை நடந்த மாதிரியே எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் பினாங்குல குளுகோர் பக்கம் பிளாட்ல அம்மாவோட இருக்கேன். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில கணக்கு வேலை. அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம், தம்பி சிங்கப்பூர்ல, அதனால வீட்ல எது வந்தாலும் முடிவெடுக்கறது நான்தான், அழறதும் நான்தான், அதுவும் குளிக்கிற ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுட்டு. 2023 டிசம்பர் முதல் வாரம் முழங்காலுக்குக் கீழ சிவப்பு சிவப்பா புள்ளி வந்துச்சு. கொசுக்கடின்னு நெனச்சேன், ஆனா அரிக்கல, விரலால அழுத்தினாலும் மறையல. மறுநாள் பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் நிக்கவே இல்ல. கிளினிக்குக்குப் போனா நம்ம ஊர்ல முதல்ல டெங்கியாத்தானே பாப்பாங்க, பாத்தாங்க, இல்ல. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு மட்டும் 9 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். நேரா அரசாங்க ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சி, அங்கேயிருந்து வார்டு.

ஐ.டி.பி.ன்னு சொன்னாங்க. நம்ம உடம்பு காவல்காரனே நம்ம பிளேட்லெட்டை எதிரின்னு நெனச்சு அழிக்கிறது. அந்தக் காவல்காரனை அடக்கத்தான் பிரெட்னிசலோன், ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் மாத்திரை பன்னெண்டு. காலையில பசியாறிட்டு ஒரே வாட்டியா உள்ளங்கையில கொட்டி முழுங்கணும். எக்ஸ்ரே எடுத்தாங்க, ஹெப்படைடிஸ் பி பாத்தாங்க, எதுக்குன்னு அப்ப புரியல. ஸ்டீராய்ட் ஆரம்பிச்சா உள்ள தூங்கிட்டு இருக்கிற காசநோய், ஹெப்படைடிஸ் எல்லாம் முழிச்சுக்கலாம், அதுக்காகத்தான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மருந்து கவுண்டர்ல இருந்த தம்பி மலாய்ல "நீங்களா நிறுத்திடாதீங்க"ன்னு ரெண்டு வாட்டி சொன்னார். தலையாட்டிட்டு வந்துட்டேன். சத்தியமா சொல்றேன், பிரெட்னிசலோன்தான் ஸ்டீராய்ட்னு என் மண்டையில பதியவே இல்ல. ஸ்டீராய்ட்னா ஜிம்முக்குப் போற பசங்க ஊசி போட்டுக்கறதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

மாத்திரை நல்லாவே வேலை செஞ்சுது, அதைச் சொல்லணும். மூணாவது வாரம் பிளேட்லெட் 118 ஆயிரம். புள்ளியெல்லாம் மறைஞ்சுது. ஆனா கூடவே என்னென்னமோ. பசின்னா அப்படி ஒரு பசி, நாசி கண்டார் கட்டிட்டு வந்து சாப்பிட்டு முடிச்ச கையோட ரொட்டி சானாய் தேடுவேன். தூக்கம் போச்சு, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து சமையலறை டப்பாவெல்லாம் எறக்கிக் கழுவிட்டு இருப்பேன். முகம் உப்பிடுச்சு, அம்மா "இப்பத்தான் பாப்பா கன்னம் வெச்சிருக்கே"ன்னு சந்தோஷப்பட்டாங்க. இன்னொண்ணு, பத்து வருஷமா காலையில எழுந்தா பதினஞ்சு தும்மல் போடுவேன், அது சுத்தமா நின்னு போச்சு. அட, இது என்ன அதிசய மாத்திரைன்னு நெனச்சேன்.

அப்பத்தான் வினை. டிசம்பர் 28, ஃபேக்டரியில வருஷா வருஷம் ஒரு லேப் வந்து ரத்தம் எடுப்பாங்க, நூத்தி எம்பது வெள்ளி பேக்கேஜ், நானும் கைய நீட்டினேன். அப்ப எனக்கு மாத்திரை 50க்குக் கொறச்சிருந்தாங்க. சாயங்காலமே போன். "மிஸ், உங்க வெள்ளை அணு ரொம்ப ஹை, உடனே டாக்டரைப் பாருங்க." ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு. வெள்ளை அணு 19.4, அதாவது 19.4 ஆயிரம், சிவப்பு எழுத்துல. பக்கத்துல 4ல இருந்து 11 வரைக்கும்தான் நார்மல்னு போட்டிருக்கு. ஏற்கனவே பிளேட்லெட் கம்மி, இப்ப வெள்ளை அணு அதிகம், ரெண்டையும் சேத்து கூகிள்ல தட்டினா என்ன வரும்? லுக்கிமியாதான் வரும், ரத்தப் புற்றுநோய். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். எங்கேயோ ஒரு மூலையில பிரெட்னிசலோனும் ரத்த அணுக்களை மாத்தும்னு ஒரு வரி இருந்துச்சு. நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, இந்த மாத்திரைதான் என் ரத்தத்தைக் கெடுத்துடுச்சு. காலையில மாத்திரை எடுக்கல. அதுதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம்.

அரசாங்க கிளினிக் அப்பாயின்மென்ட் ஜனவரி 4. அதுவரைக்கும் காத்திருக்க மனசு வரல, ஒரு தனியார் ஹாஸ்பிட்டலுக்கு கிராப் புக் பண்ணிட்டேன். அம்மாகிட்ட ஆடிட்டுக்காக கோலாலம்பூர் போறேன்னு பொய். எமர்ஜென்சியில சின்ன வயசு டாக்டர் கேட்டார், "இப்ப என்ன மருந்து சாப்பிடறீங்க?" நான், "இப்ப ஒண்ணும் சாப்பிடல டாக்டர்"ன்னேன். நெஜம்தானே, அன்னைக்குக் காலையிலேயே நிறுத்திட்டேனே! முன்னாடி பிளேட்லெட் கம்மியா இருந்து சரியாயிடுச்சுன்னு மட்டும் சொன்னேன். அவர் கையில இருக்கிறது என்ன? வெள்ளை அணு 19, காரணம் தெரியல. எங்கேயோ கிருமி ஒளிஞ்சிருக்குன்னு அட்மிட் பண்ணிட்டார். கம்பெனி மெடிக்கல் கார்டுக்கு ஜி.எல்., அதாவது பில்லை நாங்க கட்டறோம்ங்கிற உத்தரவாதக் கடிதம், வரல, ஏற்கனவே இருக்கிற வியாதின்னு சொல்லிட்டாங்க. டெபாசிட் மூவாயிரம் கட்டினேன், கூட்டு (சீட்டு) எடுத்து வெச்சிருந்த காசு. ரத்த கல்ச்சர், வயித்துக்கு சி.டி. ஸ்கேன், நரம்புல ஆன்டிபயோடிக். ஒண்ணுலயும் ஒண்ணும் கிடைக்கல, கிடைக்காதது எனக்கு இன்னும் பயம்.

31ஆம் தேதி காலையில எழுந்து பாத்ரூமுக்குப் போனேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. வாந்தி, உடம்புல சொட்டு பலம் இல்ல, மிஸ்ஸி (நர்ஸ்) வந்து பிரஷர் பாத்தா 88க்கு 50. கிருமி ரத்தத்துல பரவிடுச்சோன்னு ஆளுக்கு ஆள் ஓடறாங்க. அப்ப ஒரு பெரிய டாக்டர் வந்தார், நரைச்ச தலை, மெதுவாப் பேசற சீனர். ஃபைலைக்கூடத் தொறக்கல. கட்டில் பக்கத்துல நின்னு என் முகத்தையே பாத்துட்டு, "உங்க முகம் எப்பவும் இப்படி வட்டமாத்தான் இருக்குமா?"ன்னு கேட்டார். போன்ல அக்டோபர்ல எடுத்த தீபாவளி ஷாப்பிங் போட்டோவைக் காட்டினேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எப்ப நிறுத்தினீங்க?" எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் திட்டல, பெருமூச்சுதான் விட்டார்.

ஹைட்ரோகார்டிசோன்னு ஒரு ஸ்டீராய்ட் ஊசி போட்டாங்க. சாயங்காலம் எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சேன். நம்ம கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பி தினமும் சொந்தமா ஸ்டீராய்ட் சுரக்குமாம், நாம வெளியிலேயிருந்து மூணு வாரத்துக்கு மேல கொட்டிக்கிட்டே இருந்தா அது வேலையை மறந்து தூங்கிடும், திடீர்னு மாத்திரையை நிறுத்தினா உடம்புல அந்தப் பொருளே இருக்காது. மருந்து கவுண்டர் தம்பி ரெண்டு வாட்டி சொன்னது இதைத்தான். மூணு நாள்ல பிளேட்லெட் வேற 71 ஆயிரத்துக்கு எறங்கியிருந்துச்சு. புது வருஷம் பட்டாசுச் சத்தத்தை ஹாஸ்பிட்டல் ஜன்னல்லேயிருந்து கேட்டேன். ஒண்ணாம் தேதி பில்லு 7,260 வெள்ளி. ஹாஸ்பிட்டலைக் குறை சொல்ல மாட்டேன், மருந்தை மறைச்சவ நான். ஆனா ஒரு ஆதங்கம் இருக்கு, "மருந்து சாப்பிடறீங்களா"ன்னு கேக்கறதுக்கு பதிலா "போன ஒரு மாசத்துல எந்த மாத்திரை, ஊசி, பஃப், களிம்பு, நாட்டு மருந்து எடுத்தீங்க"ன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

அதனால முதல் விஷயம், மாத்திரை பாக்கெட்டை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க, டோஸ் மாறும்போதெல்லாம் புது போட்டோ. நான் இப்ப ஒரு துண்டுக் காகிதத்துல மருந்து பேர், எத்தனை மில்லிகிராம், எப்ப ஆரம்பிச்சது எல்லாம் எழுதி ஐ.சி. (அடையாள அட்டை) பின்னாடி செருகி வெச்சிருக்கேன், நான் மயங்கிக் கிடந்தாலும் யாராவது ஐ.சி.யை எடுப்பாங்கல்ல.

ஜனவரி 4, ரத்த நோய் கிளினிக். ஏழரைக்கு நம்பர் எடுத்து பன்னெண்டே முக்காலுக்கு உள்ள கூப்பிட்டாங்க, கட்டினது அஞ்சு வெள்ளி. மலாய்க்கார லேடி டாக்டர், என்னை விட வயசு கம்மியா இருக்கும். லேப் ரிப்போர்ட்டை வாங்கி 19.4ஐ பாக்கவே இல்ல, நேரா கீழே வெள்ளை அணுவை வகை வகையா பிரிச்சுப் போட்டிருக்கிற வரிகளுக்குப் போனாங்க. நியூட்ரோஃபில் 16.9. லிம்ஃபோசைட் 1.3. ஈயோசினோஃபில் சைபர். பேனாவால அந்த சைபரை வட்டம் போட்டு, "இது ஸ்டீராய்டோட கையெழுத்து"ன்னாங்க. அந்தக் காலத்துல அட்ரீனல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கே, ஊசி போட்டுட்டு ஈயோசினோஃபில் எவ்வளவு எறங்குதுன்னு எண்ணுவாங்களாம். அலர்ஜிக்கும் தும்மலுக்கும் கூட்டாளி அந்த அணுதான். என் தும்மல் எங்க போச்சுன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. ரத்தத்தைக் கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்ல பாத்ததுல எல்லாம் முதிர்ந்த அணுக்கள், லுக்கிமியாவுல வர்ற பிஞ்சு அணு ஒண்ணுகூட இல்ல. நான் அழுதுட்டேன், அவங்க டிஷ்யூ பெட்டியைத் தள்ளினாங்க.

அப்ப வெள்ளை அணு எங்கேயிருந்து வந்துச்சு? எலும்பு மஜ்ஜை கண்ணாபின்னான்னு உற்பத்தி பண்ணிடுச்சுன்னுதான் நானும் நெனச்சேன். அது கொஞ்சம்தானாம். டாக்டர் சொன்னதை நான் வீட்டுக்குப் போற வழியில இப்படி யோசிச்சுப் பாத்தேன். ஹைவேயில மழை கொட்டினா மோட்டர் சைக்கிள் ஓட்டறவங்கல்லாம் பாலத்துக்கடியில ஒதுங்கி நிப்பாங்கல்ல, ரோட்டு கேமராவுல பாத்தா மோட்டரே இருக்காது. மழை விட்டதும் மொத்தமா ரோட்டுக்கு வந்துடுவாங்க. புதுசா மோட்டர் செஞ்சு எறக்கினாங்களா? இல்ல, ஒதுங்கி இருந்தது வெளிய வந்துச்சு, அவ்வளவுதான். நம்ம ரத்தக்குழாய்ல நியூட்ரோஃபில் கிட்டத்தட்ட பாதி, சுவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குமாம், டெஸ்ட்ல எண்ணும்போது அது கணக்குல வராது. ஸ்டீராய்ட் அந்த ஒட்டற பசையைக் கழட்டி விட்டுடும். மாத்திரை போட்ட சில மணி நேரத்துலயே எண்ணிக்கை ஏறிடும். இது போக மஜ்ஜையில ரெடியா இருக்கிற ஸ்டாக்கும் கொஞ்சம் வெளிய வரும், செத்துப் போக வேண்டிய கிழட்டு அணுக்களும் கொஞ்சம் நாள் தள்ளிப் போகும். தினமும் சாப்பிட்டா ரெண்டு வாரத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அங்கேயே நிக்கும், டோஸ் கொறையக் கொறைய எறங்கும். சிலருக்கு 20ஐக்கூடத் தாண்டும். லிம்ஃபோசைட்டுக்கு நேர் எதிர், அது ரத்தத்தை விட்டுட்டு மஜ்ஜை, நெறிக்கட்டிப் பக்கம் போய் உக்காந்துக்கும், அதனால எண்ணிக்கை எறங்கும்.

ஆனா இதுல முக்கியமானது எக்ஸிட். நியூட்ரோஃபில் சுவத்துல ஒட்டினாத்தான் குழாயை விட்டு வெளிய எறங்கி, கிருமி இருக்கிற இடத்துக்குப் போக முடியும். ஒட்டவே முடியலைன்னா? ஹைவே நெறைய மோட்டர், எறங்கற எக்ஸிட் எல்லாம் மூடியிருக்கு. வீடு பத்தி எரியுது, ஆள் போக முடியல. அதாவது எண்ணிக்கை ஏறியிருக்கு, பலம் கொறஞ்சிருக்கு. இதை டாக்டர் சொன்னப்ப தலையாட்டினேன், உள்ள ஏறல. தைப்பூசத்துலதான் ஏறுச்சு.

ஜனவரி 25. அப்ப மாத்திரை 25 மில்லிகிராம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு பால்குடம் எடுக்கறதா வேண்டியிருந்தேன், அம்மா வேணாம்னாங்க, கேக்கல. பால்குடம் தூக்கிட்டு 513 படி, வெறுங்கால். கீழ ரோட்டுல நடக்கும்போதே குதிகால்ல கண்ணாடியோ கல்லோ கிழிச்சிருக்கு, அந்தக் கூட்டத்துல தெரியல. ரெண்டு நாள் கழிச்சு கணுக்கால் சிவந்து லேசா சூடு. காய்ச்சல் பாத்தா 37.3. காய்ச்சல் இல்லைன்னு விட்டுட்டேன். மறுநாள் பக்கத்து கிளினிக்ல ரத்தம் பாத்தா வெள்ளை அணு 15.8. நானே டாக்டருக்குப் பாடம் எடுக்கறேன், "அது ஸ்டீராய்ட் டாக்டர், எனக்கு எப்பவும் அப்படித்தான், போன வாரம்கூட 14.9". பாருங்க, லுக்கிமியான்னு அழுதவ ஒரே மாசத்துல எல்லாத்துக்கும் ஸ்டீராய்ட்தான் காரணம்னு சொல்ற அளவுக்கு வந்துட்டேன். அவர் பதில் சொல்லாம, நீல பால்பாயிண்ட் பேனாவை எடுத்து சிவப்பு எங்க முடியுதோ அந்த ஓரத்துலயே கால்ல சுத்தி ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னா நாளைக்கு ஹாஸ்பிட்டல், எனக்கு போன்கூடப் பண்ணாதீங்க."

காலையில ஆறு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன். கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை.

அரசாங்க ஹாஸ்பிட்டல்ல அட்மிஷன், செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில கிருமித் தொற்று. உடம்புல அழற்சி இருந்தா ஏறற சி.ஆர்.பி. 146, அது ஒத்தை இலக்கத்துல இருக்க வேண்டியது. ரத்தத் தடவல்ல பாத்தா முதிராத நியூட்ரோஃபில், பேண்ட்னு சொல்வாங்க, 14 சதவீதம், அணுவுக்குள்ள கறுப்புக் கறுப்பா குருணை. கிருமியோட போராட மஜ்ஜை முடிக்காத சரக்கைக்கூட அனுப்பினாத்தான் இப்படி வருமாம், வெறும் ஸ்டீராய்டால ஏறினா பெரும்பாலும் இப்படி இருக்காது. டிசம்பர்ல என் சி.ஆர்.பி. 3. மொத்த எண்ணிக்கையைப் பாருங்க, டிசம்பர்ல 19.4, கிருமி இல்ல. ஜனவரியில 15.8, கிருமி காலைத் தின்னுட்டு இருக்கு. காய்ச்சலும் வரல, ஏன்னா காய்ச்சலை வரவைக்கிற சமாச்சாரத்தையே ஸ்டீராய்ட் அமுக்கி வெச்சிருக்கு. நாலு நாள் ஊசி, மூணாங்கிளாஸ் வார்டு, பில்லு நூறு வெள்ளிகூட வரல. இந்த வாட்டி உள்ள போனதுமே ஐ.சி. பின்னாடி இருந்த காகிதத்தைக் கொடுத்துட்டேன், ஸ்டீராய்டை ஒரு நாள்கூட நிறுத்தாம கொடுத்தாங்க.

அதனால ஸ்டீராய்ட்ல இருக்கிறவங்க வெள்ளை அணு மொத்தத்தை மட்டும் பாத்து பயப்படவும் வேணாம், நிம்மதியாவும் இருக்க வேணாம். பிரிச்சுப் போட்ட கணக்கைக் கேளுங்க, சந்தேகம்னா சி.ஆர்.பி.யும் ரத்தத் தடவலும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. பழைய ரிப்போர்ட்டெல்லாம் தேதியோட, அன்னைக்கு எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டோம்னு மேல எழுதி வெச்சுக்கோங்க, ஸ்டீராய்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் ரொம்ப முக்கியம். காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க, 37.5தானேன்னு விடாதீங்க. புது வலி, சிவப்பு, இருமல், ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், இதுல எது வந்தாலும் அன்னைக்கே போங்க. தடுப்பூசி போடறதா இருந்தா ஸ்டீராய்ட் சாப்பிடறேன்னு முதல்லயே சொல்லுங்க, உயிருள்ள கிருமி வெச்சுச் செய்யற தடுப்பூசி சிலது அப்ப போடக் கூடாது. சர்க்கரையும் பாருங்க, ஆனா காலையில வெறும் வயித்துல பாத்துட்டு நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, எனக்கு காலையில 5.6, அதே நாள் சாயங்காலம் 13. காலையில போட்ட மாத்திரை மத்தியானத்துக்கு மேலதான் சர்க்கரையை ஏத்துது.

இன்னொண்ணு, எங்க பிளாட் அக்கா ஒருத்தங்க பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) முட்டி வலிக்கு ஒரு கேப்சூல் வாங்கறாங்க, "ரெண்டே நாள்ல ஓடறேன் பாரு"ம்பாங்க. ரெண்டே நாள்ல ஓட வைக்கிற நாட்டு மருந்துல டெக்சாமெத்தசோன் கலந்திருக்கிறதா சுகாதார அமைச்சு எத்தனையோ வாட்டி எச்சரிச்சிருக்கு. அதுவும் ஸ்டீராய்ட்தான், பிரெட்னிசலோனை விட பல மடங்கு வீரியம். டப்பாவுல எம்.ஏ.எல். பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்கன்னேன். அக்கா முகமும் இப்ப கொஞ்சம் வட்டமாத்தான் இருக்கு, அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, அடுத்த வாட்டி சொல்லிடுவேன்.

மாத்திரையை வாரம் வாரமா கொறச்சு மே மாசம் முழுசா நிறுத்தினாங்க. ஜூன்ல எடுத்த டெஸ்ட்ல பிளேட்லெட் 164, வெள்ளை அணு 7.1. எனக்கு அதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே ரிசல்ட் என்னன்னு ஒரு மாதிரி புரிஞ்சு போச்சு. டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி காலையில எழுந்து ஜன்னலைத் தொறந்தேன், வரிசையா பதினொரு தும்மல். அம்மா உள்ளேயிருந்து "என்ன பாப்பா, மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சா"ன்னாங்க. ரிப்போர்ட்டை வாங்கினதும் முதல் வேலையா ஈயோசினோஃபில் வரியைத் தேடினேன். 0.4.